மைனஸ் 40 குளிரில் கார் எப்படி ஸ்டார்ட் ஆகிறது? வேலை முந்தைய இரவே தொடங்குகிறது!

2024 ஜனவரி 13, சனிக்கிழமை மாலை. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் வீடுகளிலும் கடைகளிலும் இருந்தவர்களின் செல்போன்கள் ஒரே நேரத்தில் அலறின. மாகாண அரசின் அவசர எச்சரிக்கை அது. வெளியே மைனஸ் 40 டிகிரியை ஒட்டிய குளிர். மின்தேவை உச்சத்தில் இருந்தது. இப்படியே போனால் சுழற்சி முறையில் மின்வெட்டு வரலாம் என்ற நிலை. தேவையில்லாத விளக்குகளை அணையுங்கள், எலெக்ட்ரிக் காருக்கு சார்ஜ் போடுவதைத் தள்ளிவையுங்கள் என்று வந்த வேண்டுகோள்களுக்கு நடுவே இன்னொன்றும் இருந்தது: ‘பிளாக் ஹீட்டர்’ பிளக் போடுவதையும் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள்.

மக்கள் கேட்டார்கள். சில நிமிடங்களிலேயே சுமார் 200 மெகாவாட் தேவை குறைந்தது. மின்வெட்டு தவிர்க்கப்பட்டது.

பெட்ரோல் காருக்கு எதற்கு கரண்ட் பிளக்? நம் ஊரில் கார் ஓட்டுகிறவர்களுக்கு இயல்பாக வரும் சந்தேகம் இது. சென்னையிலோ மதுரையிலோ காரை ஸ்டார்ட் செய்வது ஒரு பட்டனை அழுத்தும் வேலை. ஆனால் எட்மன்டன், வின்னிபெக், சாஸ்கட்டூன் போன்ற நகரங்களில் ஜனவரி மாதக் காலையில் கார் கிளம்ப வேண்டுமென்றால், அதற்கான வேலை முந்தைய இரவே தொடங்கிவிடுகிறது. படிப்பு, வேலை, பி.ஆர். என்று இந்த நகரங்களுக்குப் போகும் தமிழ் இளைஞர்கள் முதல் குளிர்காலத்திலேயே கற்றுக்கொள்ளும் பாடம் இது. சிலர் கொஞ்சம் கஷ்டப்பட்டே கற்றுக்கொள்கிறார்கள்.

“அண்ணா, வண்டி ஸ்டார்ட் ஆகல. நேத்து ராத்திரி நல்லாத்தானே ஓடுச்சு?”

“ராத்திரி பிளக் போட்டியா தம்பி?”

“என்ன பிளக்குண்ணா?”

புதிதாகப் போனவருக்கும் பத்து வருஷமாக அங்கேயே இருப்பவருக்கும் இடையே இப்படி ஒரு போன் உரையாடல் நடக்காத குளிர்காலம் இருக்காது. அந்த பிளக் என்ன, அது ஏன் தேவை, அது இல்லாமல் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தேங்காய் எண்ணெய் சொல்லும் பாடம்

மார்கழி மாதக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்திருப்பீர்கள். ஒரு சொட்டுகூட விழாது. வெயிலில் வைக்க வேண்டும், அல்லது வெந்நீரில் நிறுத்த வேண்டும். சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனாலே தேங்காய் எண்ணெய் உறையத் தொடங்கிவிடும். பாட்டிலை எவ்வளவு குலுக்கினாலும் பலனில்லை. அதற்கு வேண்டியது சூடு மட்டுமே.

கடும் குளிரில் காருக்கும் ஏறக்குறைய இதே கதைதான். வித்தியாசம் என்னவென்றால், காரில் ஒரே நேரத்தில் மூன்று விஷயங்கள் மக்கர் செய்கின்றன: பேட்டரி, இன்ஜின் ஆயில், எரிபொருள்.

பிரச்சினை 1: பேட்டரிக்குத் தெம்பு இல்லை

காரில் இருக்கும் 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி ஒரு வேதியியல் பெட்டி. உள்ளே நடக்கும் வேதிவினையில்தான் மின்சாரம் வருகிறது. குளிர் கூடக் கூட அந்த வினையின் வேகம் குறைகிறது. சுழி டிகிரியிலேயே பேட்டரி தன் பலத்தில் மூன்றில் ஒரு பங்கை இழந்துவிடுகிறது. மைனஸ் 18-ல் பாதிக்கு மேல் போய்விடுகிறது. மைனஸ் 30, 40 என்றால் சொல்லவே வேண்டாம்.

கொடுமை என்னவென்றால், பேட்டரி பலவீனமாக இருக்கும் அதே நேரத்தில்தான் இன்ஜின் அதனிடம் வழக்கத்தைவிட அதிகமாகக் கேட்கிறது. உள்ளே ஆயில் கெட்டியாகிவிட்டதால் இன்ஜினைச் சுழற்ற ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு இரண்டு மடங்கு, சில சமயம் அதற்கும் மேல் சக்தி தேவைப்படுகிறது. வரவு பாதி, செலவு இரட்டிப்பு. மாதக் கடைசியில் நம் பேங்க் பேலன்ஸ் மாதிரி.

குளிர் நாடுகளில் பேட்டரி வாங்கும்போது அதன் மேல் ‘சிசிஏ’ என்று ஒரு எண் இருப்பதைப் பார்க்கலாம். மைனஸ் 18 டிகிரியில், 30 விநாடி நேரத்துக்கு, வோல்டேஜ் 7.2-க்குக் கீழே இறங்காமல் எவ்வளவு ஆம்பியர் கொடுக்க முடியும் என்பதுதான் அது. அங்கே பேட்டரி வாங்குகிறவர்கள் விலைக்கு முன்னால் இந்த எண்ணைத்தான் பார்க்கிறார்கள்.

இன்னொரு விஷயம். பேட்டரியின் ஆயுளைக் குறைப்பதில் குளிரைவிட வெயிலுக்குத்தான் பங்கு அதிகம். கோடையில் சேதமான பேட்டரி, மிதமான நாட்களில் எப்படியோ சமாளித்து ஓடிவிடும். குளிர் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். “போன வாரம் வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு” என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

பிரச்சினை 2: ஆயில் ஓடவில்லை

உங்கள் இன்ஜின் ஆயில் டப்பாவில் 10டபிள்யூ-30, 20டபிள்யூ-40 என்றெல்லாம் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ‘டபிள்யூ’ வின்டரைக் குறிக்கிறது. அதற்கு முன்னால் இருக்கும் எண் சிறிதாக இருந்தால், குளிரில் ஆயில் அவ்வளவு சுலபமாக ஓடும்.

ஒவ்வொரு ரகத்தையும் எந்தக் குளிரில் சோதிக்க வேண்டும் என்பதற்குத் தரநிர்ணய விதி இருக்கிறது. ஸ்டார்ட்டர் இன்ஜினைச் சுழற்றும் அளவுக்கு ஆயில் இளகியிருக்கிறதா என்ற சோதனை 20டபிள்யூ ஆயிலுக்கு மைனஸ் 15 டிகிரியில் நடக்கும். 10டபிள்யூ என்றால் மைனஸ் 25. 5டபிள்யூ என்றால் மைனஸ் 30. 0டபிள்யூ என்றால் மைனஸ் 35. அதாவது, நம் ஊர் பைக்கில் ஊற்றும் 20டபிள்யூ-40 ஆயிலை வின்னிபெக் காரில் ஊற்றினால், ஜனவரி காலையில் அது ஆயிலாக இருக்காது, அல்வாவாக இருக்கும்.

ஆயில் கெட்டியாக இருப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. எப்படியோ இன்ஜின் ஸ்டார்ட் ஆகிவிட்டாலும், ஆயில் மேலே ஏறி எல்லாப் பாகங்களையும் நனைக்கும்வரை உலோகத்தோடு உலோகம் உரசும். இன்ஜின் தேய்மானத்தில் பெரும்பகுதி இப்படிப்பட்ட குளிர் ஸ்டார்ட்களில்தான் நடக்கிறது.

பிரச்சினை 3: பெட்ரோல் ஆவியாகவில்லை

பெட்ரோல் அவ்வளவு சீக்கிரம் உறையாது. ஆனால் எரிவது திரவ பெட்ரோல் அல்ல, அதன் ஆவி. கடும் குளிரில் பெட்ரோல் சரியாக ஆவியாவதில்லை. அதனால் இன்ஜின் கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோலைத் தெளித்து சமாளிக்கிறது. பழைய ஸ்கூட்டரில் சோக் இழுத்து உதைத்த தலைமுறைக்கு இது புரியும். இன்று அந்த சோக் வேலையை கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்கிறது. குளிர் நாடுகளில் எண்ணெய் நிறுவனங்களும் சீக்கிரம் ஆவியாகும் வகையில் குளிர்காலப் பெட்ரோலைத் தனியாகக் கலந்து விற்கின்றன.

உறைவது பெட்ரோலில் கலந்திருக்கும் தண்ணீர்தான். டேங்க் காலியாக இருந்தால் உள்ளே இருக்கும் காற்றின் ஈரம் குளிர்ந்து நீராகும். அது குழாயில் போய் உறைந்தால் பெட்ரோல் வழி அடைபடும். அதனால்தான் அங்கே ‘டேங்கை எப்போதும் பாதிக்கு மேல் வைத்திரு’ என்பதைப் பெரியவர்கள் அறிவுரையாகவே சொல்வார்கள்.

அயர்ன் பாக்ஸிலிருந்து வந்த யோசனை

மூன்று பிரச்சினைக்கும் வேர் ஒன்றுதான்: சூடு இல்லை. அப்படியானால் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே சூடு கொடுத்தால் என்ன?

ஒரு காலத்தில் வட கனடாவிலும் அலாஸ்காவிலும் சிறிய விமானங்களை ஓட்டிய பைலட்டுகள், இரவில் இன்ஜின் ஆயிலை வடித்து வீட்டுக்குள் எடுத்துப்போய் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தார்கள். காலையில் சூடான ஆயிலை ஊற்றிவிட்டுக் கிளம்பினார்கள். தினசரி ஆபீஸ் போகிறவருக்கு இது சரிப்பட்டு வருமா?

1940-களில் அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில், கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஃப்ரீமன் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். பழைய அயர்ன் பாக்ஸின் ஹீட்டிங் எலிமென்ட்டையும் செம்புக் குழாயையும் வைத்து, இன்ஜின் போல்ட் இருக்கும் இடத்தில் பொருத்துகிற மாதிரி ஒரு ஹீட்டர் செய்தார். 1949-ல் அதற்கு காப்புரிமை கிடைத்தது. இன்றைய பிளாக் ஹீட்டருக்கு அதுதான் முன்னோடி.

இப்போது பெரும்பாலான கார்களில் இந்த ஹீட்டர், இன்ஜினைச் சுற்றி ஓடும் கூலன்ட்டைச் சூடாக்குகிறது. கூலன்ட் வழியாக இன்ஜினின் உலோகமும், அதையொட்டி ஆயிலும் சூடேறும். காரின் முன்பக்க கிரில்லில் ஒரு சின்ன பிளக் தொங்கிக்கொண்டிருக்கும். கனடாவின் சமவெளி மாகாணங்களில் பார்க்கிங்கில் வரிசையாக நிற்கும் கார்களைப் பார்த்தால், எல்லாம் மூக்கில் வயர் மாட்டிய மாதிரி இருக்கும். அபார்ட்மென்ட், ஆபீஸ், மருத்துவமனை பார்க்கிங்குகளில் ஒவ்வொரு காருக்கும் தனி பிளக் பாயின்ட் உண்டு. வாடகைக்கு வீடு பார்க்கும்போது ‘பார்க்கிங்கில் பிளக் இருக்கா?’ என்பது அங்கே முக்கியமான கேள்வி.

ராத்திரி முழுக்க போட வேண்டுமா?

வேண்டாம். பலரும் செய்யும் தவறு இது. ஒரு பிளாக் ஹீட்டர் பொதுவாக 400 முதல் 1,000 வாட் வரை இழுக்கும். 600 வாட் ஹீட்டரை இரவு முழுக்க 10 மணி நேரம் போட்டால் 6 யூனிட். 3 மணி நேரம் போட்டால் 2 யூனிட்டுக்கும் குறைவு. இன்ஜின் ஓரளவு சூடானதும், அதற்கு மேல் போகும் சூடெல்லாம் காற்றில்தான் கரைகிறது. கிளம்புவதற்கு 2 மணி நேரம் முன்பு போட்டாலே பொதுவாகப் போதும் என்பதுதான் கனடா அரசின் இயற்கை வளத் துறை சொல்வது. மைனஸ் 35-க்குக் கீழே போகும் நாட்களில் 3, 4 மணி நேரம் கொடுக்கலாம்.

அதற்காகக் காலை 4 மணிக்கு அலாரம் வைத்து எழுந்திருக்கத் தேவையில்லை. வெளிப்புறப் பயன்பாட்டுக்கான டைமர் ஒன்றை வாங்கி மாட்டினால் போதும். இரவே பிளக்கைச் செருகிவிட்டால், சரியான நேரத்தில் தானாக ஆன் ஆகும். ஆல்பர்ட்டா எச்சரிக்கையில் பிளாக் ஹீட்டர் ஏன் இடம்பெற்றது என்பது இப்போது புரியும். மாலையில் ஆபீஸ் முடிந்து வீட்டுக்கு வருகிறவர்கள் காரை நிறுத்தியதும் பிளக் போட்டால், சமையல், ஹீட்டர், டிவி எல்லாம் ஓடும் உச்ச நேரத்தில் இதுவும் சேர்ந்துகொள்ளும். ஆனால் அந்தச் சூடு தேவைப்படுவது காலையில்தான்.

ஒரு எச்சரிக்கை: வீட்டுக்குள் பயன்படுத்தும் மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. குளிரில் அதன் மேலுறை விறைத்து வெடிக்கும், ஷாக் அடிக்கும், தீப்பிடிக்கும். கடுங்குளிருக்கென்றே தயாரான தடித்த வெளிப்புற வயர்தான் வேண்டும்.

காற்று வீசினால் கார் இன்னும் குளிருமா?

வானிலை அறிக்கையில் ‘வெப்பநிலை மைனஸ் 28, உணரும் குளிர் மைனஸ் 40’ என்று சொல்வார்கள். அந்த மைனஸ் 40 மனிதத் தோலுக்கான கணக்கு. நம் உடல் சூட்டைக் காற்று வேகமாக அடித்துக்கொண்டு போவதால் அப்படித் தோன்றும். காருக்குத் தோல் இல்லை. எவ்வளவு காற்று வீசினாலும் இன்ஜின் மைனஸ் 28-க்குக் கீழே போகாது. ஆனால் சீக்கிரமே அந்த நிலைக்கு வந்துவிடும். அதனால் காற்று மறைவான சுவர் ஓரமாக நிறுத்துவது பலன் தரும். பிளக் போட வேண்டுமா என்று முடிவு செய்ய காற்றின் வெப்பநிலையைப் பாருங்கள். தொப்பி, கையுறை போட வேண்டுமா என்பதற்கு ‘உணரும் குளிர்’ எண்ணைப் பாருங்கள்.

காலையில் என்ன செய்ய வேண்டும்?

1. பிளக்கைக் கழற்றுங்கள். சிரிக்காதீர்கள், வயரோடு கிளம்பிப் போனவர்கள் நிறைய பேர் உண்டு.

2. ஹீட்டர் ஃபேன், முகப்பு விளக்கு, சீட் ஹீட்டர், போன் சார்ஜர் எல்லாவற்றையும் ஆஃப் செய்யுங்கள். பேட்டரியின் முழு பலமும் ஸ்டார்ட்டருக்கே போகட்டும்.

3. கியர் வண்டி என்றால் நியூட்ரலில் வைத்து கிளட்சை முழுதாக மிதியுங்கள். கியர் பாக்ஸ் ஆயிலும் கெட்டியாகத்தான் இருக்கும். கிளட்ச் மிதித்தால் அதையும் சேர்த்துச் சுழற்றும் சுமை இன்ஜினுக்கு இருக்காது.

4. சாவியை ‘ஆன்’ நிலைக்குக் கொண்டுவந்து சில விநாடி காத்திருங்கள். ஃபியூயல் பம்ப் அழுத்தம் கொடுக்கட்டும். பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள்.

5. ஒரு முறைக்கு 10 விநாடிக்கு மேல் ஸ்டார்ட்டரைச் சுழற்றாதீர்கள். கிளம்பவில்லை என்றால் ஒன்றிரண்டு நிமிடம் விட்டு மறுபடி முயலுங்கள். விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தால் ஸ்டார்ட்டர் மோட்டாரும் போகும், பேட்டரியும் போகும்.

6. ஆக்சிலரேட்டரைப் பம்ப் செய்யாதீர்கள். கார்பரேட்டர் காலப் பழக்கம் அது. நன்றாகச் சுழன்றும் இன்ஜின் பிடிக்காமல் பெட்ரோல் வாசனை மட்டும் வந்தால், பெட்ரோல் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். பெரும்பாலான ஃபியூயல் இன்ஜெக்ஷன் கார்களில் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தபடி ஸ்டார்ட் செய்தால் பெட்ரோல் நின்று காற்று மட்டும் போகும்.

7. ஸ்டார்ட் ஆனதும் இன்ஜினை உறுமவிடாதீர்கள். கண்ணாடியில் இருக்கும் பனியைச் சுத்தமாகச் சுரண்டும் நேரம் இன்ஜின் ஓடினால் போதும். பிறகு முதல் சில கிலோமீட்டர் மெதுவாக ஓட்டுங்கள். நிறுத்திவைத்துச் சூடாக்குவதைவிட ஓட்டும்போதுதான் கார் சீக்கிரம் சூடாகிறது.

முதல் சில நிமிடம் கார் ‘டப் டப்’ என்று குதித்துக்கொண்டு போனால் பயப்பட வேண்டாம். இரவெல்லாம் ஒரே நிலையில் நின்று டயரின் அடிப்பாகம் தட்டையாகி விறைத்திருக்கும். ஓட ஓடச் சரியாகிவிடும். ஆனால் டயர் காற்றை அடிக்கடி பாருங்கள். வெப்பநிலை 5, 6 டிகிரி குறைந்தாலே சுமார் 1 பி.எஸ்.ஐ. இறங்கும்.

ஸ்டார்ட் ஆகவில்லை. இப்போ?

சத்தத்தைக் கேளுங்கள். ‘டிக் டிக்’ என்றோ, இழுத்து இழுத்து முனகியோ நின்றால் பேட்டரிதான் பிரச்சினை. அங்கே இதற்கு ‘பூஸ்ட்’ கேட்பார்கள், நாம் ஜம்ப் ஸ்டார்ட் என்போம். பக்கத்துக் கார்காரரிடம் தயங்காமல் கேட்கலாம். குளிர் நகரங்களில் பூஸ்ட் கொடுப்பது நம் ஊரில் பைக்கைத் தள்ளிவிட ஒரு கை கொடுப்பது மாதிரி.

கேபிள் மாட்டும் வரிசை முக்கியம். சிவப்பு கேபிளின் ஒரு முனை செத்த பேட்டரியின் பாசிட்டிவில், மறுமுனை நல்ல பேட்டரியின் பாசிட்டிவில். கருப்பு கேபிளின் ஒரு முனை நல்ல பேட்டரியின் நெகட்டிவில். கடைசி முனையை மட்டும் செத்த பேட்டரியில் மாட்டாமல், அந்தக் காரின் இன்ஜின் பகுதியில் பெயின்ட் இல்லாத உலோகத்தில் மாட்டுங்கள். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியும். அதன் பக்கத்தில் பொறி பறக்கக் கூடாது என்பதற்காகத்தான் இது. கழற்றும்போது தலைகீழ் வரிசை.

இதைவிட முக்கியமான ஒன்று: உறைந்துபோன பேட்டரிக்கு பூஸ்ட் கொடுக்கவே கூடாது. முழு சார்ஜில் இருக்கும் பேட்டரி மைனஸ் 50-லும் உறையாது. ஆனால் சார்ஜ் இறங்கிப்போன பேட்டரியில் இருப்பது கிட்டத்தட்ட தண்ணீர்தான். மைனஸ் 10-ஐ ஒட்டிய குளிரிலேயே அது உறைந்துவிடும். பேட்டரியின் பக்கங்கள் புடைத்திருந்தாலோ, விரிசல் தெரிந்தாலோ அதைத் தொடாதீர்கள். அதில் மின்சாரம் செலுத்தினால் வெடிக்கலாம். மெக்கானிக்கைக் கூப்பிடுவதுதான் வழி.

உயிரைப் பறிப்பது குளிர் மட்டுமல்ல

கார் ஸ்டார்ட் ஆன பிறகும் ஒரு ஆபத்து இருக்கிறது. அதற்கு நிறமில்லை, வாசனையில்லை: கார்பன் மோனாக்சைடு.

வீட்டோடு ஒட்டிய கேரேஜில் காரை ஸ்டார்ட் செய்து, சூடாகட்டும் என்று விட்டுவிட்டு உள்ளே போய் டீ குடிப்பவர்கள் உண்டு. கேரேஜ் கதவு திறந்திருந்தாலும் புகை வீட்டுக்குள் வரும். ரிமோட் ஸ்டார்ட்டர் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். படுக்கையறையிலிருந்தே பட்டனை அழுத்திவிடலாம், ஆனால் கார் எங்கே நிற்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. ஸ்டார்ட் ஆனதும் காரை வெளியே கொண்டுவந்துவிட வேண்டும்.

வெளியே நின்றாலும் பனி குவிந்து சைலன்சர் குழாயை அடைத்துவிட்டால், புகை காருக்குள்ளேயே திரும்பும். 2016 ஜனவரியில் அமெரிக்காவின் கிழக்குக் கரையைத் தாக்கிய பெரும் பனிப்புயலின்போது இப்படி உயிர்கள் போயின. வெளியே பனியை வாரிக்கொண்டிருந்தபோது, குளிராமல் இருக்கட்டும் என்று குடும்பத்தினரை ஓடும் காருக்குள் உட்காரவைத்த இடத்திலேயே அந்தச் சோகம் நடந்தது. அதனால் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே காரின் பின்பக்கம் போய் குழாயைச் சுற்றி இருக்கும் பனியை அகற்றுங்கள். தலைவலி, தலைசுற்றல், குமட்டல் வந்தால் உடனே இன்ஜினை அணைத்து, காரை விட்டு வெளியே வாருங்கள்.

டீசல் வண்டி என்றால்? லடாக்கைக் கேளுங்கள்

டீசலில் இயல்பாகவே மெழுகுத் தன்மையுள்ள பொருள் கலந்திருக்கிறது. குளிர் கூடினால் அது சிறு படிகங்களாகப் பிரிந்து ஃபில்டரை அடைத்துவிடும். தேங்காய் எண்ணெய் உவமை இங்கே அப்படியே பொருந்தும். அதனால் குளிர் நாடுகளில் பருவத்துக்கு ஏற்ப டீசலின் கலவையையே மாற்றுகிறார்கள்.

இந்தியாவிலும் இந்தப் பிரச்சினை இருக்கிறது. லடாக்கில் குளிர்காலத்தில் மைனஸ் 30 வரை இறங்கும்போது சாதாரண டீசல் வேலைக்கு ஆகாது. 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் அங்கே குளிர்கால டீசலை அறிமுகப்படுத்தியது. மைனஸ் 33 டிகிரி வரை ஓடும் தன்மையை இழக்காத ரகம் அது. குளிர்காலத்தில் லடாக் ரோடு டிரிப் போகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டியது இது: சமவெளியில் நிரப்பிய சாதாரண டீசலோடு மலையேறி, அங்கே ஒரு இரவு நிறுத்தினால் காலையில் சிக்கல்தான்.

எலெக்ட்ரிக் காருக்கு இந்தத் தொல்லை இல்லையா?

இன்ஜின் இல்லை, ஆயில் இல்லை, ஸ்டார்ட்டரும் இல்லை. அதனால் எலெக்ட்ரிக் கார் குளிரில் சட்டென்று ‘ஆன்’ ஆகிவிடும். ஆனால் வேறு தொல்லை உண்டு. குளிர்ந்த லித்தியம் பேட்டரியை வேகமாக சார்ஜ் செய்தால் அது சேதமாகும் என்பதால், காரின் கம்ப்யூட்டரே சார்ஜ் வேகத்தைக் குறைத்துவிடும். ஓடும் தூரமும் குறையும். 2024 ஜனவரியில் சிகாகோவில் சார்ஜிங் நிலையங்களில் எலெக்ட்ரிக் கார்கள் நீண்ட வரிசையில் சிக்கி நின்ற படங்கள் உலகமெங்கும் பரவின.

அப்படியானால் குளிர் நாட்டுக்கு இந்தக் கார் ஒத்துவராதா? நார்வேயைப் பாருங்கள். 2024-ல் அங்கே விற்ற புதிய கார்களில் சுமார் 89 சதவீதம் எலெக்ட்ரிக். ரகசியம் பழையதுதான். வீட்டில் பிளக்கில் இருக்கும்போதே, கிளம்புவதற்கு முன்பாக பேட்டரியையும் கேபினையும் சூடாக்கிவிடுகிறார்கள். சார்ஜிங் நிலையத்துக்குப் போகும் வழியிலேயே பேட்டரியைச் சூடாக்கிக்கொள்ளும் வசதியும் பல கார்களில் உண்டு. பிளாக் ஹீட்டர் செய்யும் அதே வேலை, வேறு உருவத்தில்.

வழியில் நின்றுவிட்டால்?

மைனஸ் 40-ல் கார் நின்றுவிடுவது, ‘ஆபீஸுக்கு லேட்’ என்பதோடு முடிகிற விஷயமல்ல. ‘உணரும் குளிர்’ மைனஸ் 40-க்குக் கீழே போனால், மூடாத தோல் 5 முதல் 10 நிமிடத்தில் உறையத் தொடங்கும். நகரத்துக்கு வெளியே ஆளில்லாத சாலையில் நின்றுவிட்டால், உதவி தேடி நடந்து போகாதீர்கள். காரிலேயே இருங்கள். தேடி வருகிறவர்களுக்கு மனிதனைவிடக் கார் சுலபமாகக் கண்ணில் படும்.

இன்ஜின் ஓடும் நிலையில் இருந்தால் மணிக்கு 10 நிமிடம் மட்டும் ஓட விடுங்கள். அதற்கு முன் சைலன்சர் குழாயில் பனி இல்லை என்று உறுதிசெய்யுங்கள். காற்று வீசாத பக்கத்து ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். போன் சார்ஜை மிச்சப்படுத்துங்கள். குளிரில் போன் பேட்டரியும் சீக்கிரம் இறங்கும், அதனால் போனைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வையுங்கள்.

முதல் பனிக்கு முன்னால்

இந்த வருஷம் முதல் முறையாக இப்படியொரு ஊருக்குப் போகிறீர்களா? அக்டோபருக்குள் முடிக்க வேண்டிய வேலைகள் இவை:

* பேட்டரியைக் கடையில் கொடுத்துச் சோதித்துவிடுங்கள். மூன்று, நான்கு வருஷம் பழையதென்றால் மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள்.

* கார் கையேடு அனுமதிக்கும் ஆயில் ரகங்களில் ‘டபிள்யூ’வுக்கு முந்தைய எண் எது சிறியதோ அதை ஊற்றச் சொல்லுங்கள்.

* கூலன்ட் எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் அதிகம் கலந்த கூலன்ட் உறைந்தால் இன்ஜினே விரிசல் விடும்.

* பழைய கார் வாங்கினால், முன்பக்கம் பிளக் தொங்குகிறதா, அந்த ஹீட்டர் வேலை செய்கிறதா என்று கேளுங்கள். வெப்பமான ஊரிலிருந்து வந்த காரில் அது இருக்காது. இல்லையென்றால் பொருத்திக்கொள்ளலாம்.

* டிக்கியில் ஜம்பர் கேபிள், போர்வை, கூடுதல் கையுறை, சிறிய மண்வாரி, டார்ச், கொஞ்சம் சாப்பாடு வைத்திருங்கள்.

இதற்கெல்லாம் மெக்கானிக் அளவுக்கு அறிவு தேவையில்லை. கொஞ்சம் முன்யோசனை போதும். மைனஸ் 40 காலையில் விறைத்த விரலோடு சாவியைத் திருகித் திருகிப் போராடுவதைவிட, முந்தைய இரவு டைமரில் பிளக் போடுவது அரை நிமிட வேலை. அடுத்த முறை கனடாவில் இருக்கும் தம்பியோ, தங்கையோ, நண்பரோ போன் செய்தால், ‘சாப்பிட்டியா?’ என்று கேட்கும்போதே ‘பிளக் போட்டியா?’ என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.